மணிக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலை நேரத்தைப் பற்றியவை. மலையோரத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஒரே சமயத்தில் ஒரே பொருளைக் கேட்டு எழுதியிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இதற்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும், போருக்குப் பிறகு ஜெர்மனியரும் ஜப்பானியரும் அப்படித்தான் உழைத்தார்கள் என்று தொழிலதிபர் நாராயண மூர்த்தி 2023-இல் சொன்னார். எங்கள் வகுப்பில் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஜெர்மானியர் உண்மையிலேயே அவ்வளவு நேரம் உழைத்தார்களா?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: சராசரிக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1950-இல் மேற்கு ஜெர்மனியில் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மணி நேரம் வேலை செய்தார் என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 50 வாரம் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் வரும். இடிந்து கிடந்த நகரங்களை எடுத்துக் கட்டிய காலத்திலேயே அவ்வளவுதான். இன்றைக்கு அதே நாட்டில் ஒருவருடைய ஆண்டு வேலை நேரம் சுமார் 1,340 மணியாகக் குறைந்திருக்கிறது. மெக்சிகோவில் அது 2,200 மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உழைக்கும் நேரமே செல்வத்தைத் தீர்மானிக்குமானால் ஜெர்மானியர் மெக்சிகோவுக்குப் பிழைக்கப் போயிருக்க வேண்டும்.

ஆனாலும் 1,340 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு வாதிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மனியில் பகுதிநேர வேலையில் இருப்பவர்கள் மிகுதி. அதிலும் பெண்கள் மிகுதி. அவர்களும் சேர்ந்துதான் சராசரி இவ்வளவு கீழே இறங்குகிறது. முழுநேர ஊழியர் இதைவிடக் கூடுதலாகவே உழைக்கிறார். அதேபோல் ஒரு மணி நேர உழைப்புக்கு நாட்டின் உற்பத்தி மதிப்பு எவ்வளவு என்ற பட்டியலில் அயர்லாந்து உச்சியில் நிற்பதைக் கண்டு அயர்லாந்துக்காரர் கையில் மந்திரம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பன்னாட்டு நிறுவனங்கள் வரியை முன்னிட்டுத் தங்கள் இலாபத்தை அந்நாட்டுக் கணக்கில் காட்டுவதால் அந்த எண் வீங்கியிருக்கிறது. நார்வேயின் எண்ணுக்குள் கடலடி எண்ணெய் இருக்கிறது.

குழப்பத்தின் வேர் நம் மொழியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 'உற்பத்தித்திறன்' என்று எழுதுகிறோம். 'திறன்' என்ற சொல் காதில் விழுந்ததுமே அதைத் தொழிலாளியின் கைத்திறனாகவும் சுறுசுறுப்பாகவும் எடுத்துக்கொள்கிறோம். அது குறைவு என்று யாராவது சொன்னால் நம் ஆட்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதாகப் படுகிறது. பொருளியலில் அது வெறும் வகுத்தல் கணக்கு. உண்டாகிய மதிப்பை வேலை நேரத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவு அது. மேலே இருக்கும் மதிப்பைக் கருவி, மின்சாரம், சாலை, கல்வி, நிர்வாகம், சந்தை விலை ஆகிய எல்லாம் சேர்ந்து உருவாக்குகின்றன. உலகத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் இந்தியத் தொழிலாளி சராசரியாக வாரத்துக்கு சுமார் 47 மணி நேரம் உழைக்கிறார். பாதிப் பேர் 49 மணி நேரமும் அதற்கு மேலும் உழைக்கிறார்கள். நம் ஈவு சிறிதாக இருப்பதற்குக் காரணம் நேரக் குறைவு அன்று என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். காலை 9 மணிக்கு வந்தால் இரவு 9 மணிக்குத்தான் விடுகிறார்கள். நேரத்தைக் கூட்டினால்தான் வியாபாரம் கூடும் என்று முதலாளி சொல்கிறார். அது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?
– கடை ஊழியர், நாகர்கோவில்

பதில்: சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒருவரை நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும்தான் வேலை வாங்கலாம். மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்று அந்தச் சட்டம் எல்லை வகுத்தது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேர இடைவேளை உண்டு. 2021-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி நீங்கள் உட்கார இருக்கையும் தர வேண்டும். கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019-இல் அரசு அனுமதித்தபோதும், ஊழியருக்கு 8 மணி நேரம் என்ற வரம்பு நீக்கப்படவில்லை. கடை திறந்திருக்கும் நேரம் வேறு, ஒரு மனிதர் நிற்கும் நேரம் வேறு. காலை முறை, மாலை முறை என்று ஆட்களைப் பிரித்து வைத்தால் 12 மணி நேரக் கடையை யாரையும் வதைக்காமல் நடத்த முடியும்.

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு எழுந்ததால் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்ததும் நினைவிருக்கும். சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறாண்டு ஆகியிருந்தது.

இனி உங்கள் முதலாளியின் வாதத்துக்கு வருவோம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு பொருள் செய்து முடித்தார்கள் என்று அரசுக் குழு ஒன்று குறித்து வைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் ஏறத்தாழ நூறாண்டு கழித்து அந்தக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரைக்கும் நேரம் கூடக் கூட விளைவும் அதே அளவில் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைத்த பலன் குறைந்துகொண்டே வந்தது. 70 மணி நேரம் உழைத்தவரின் மொத்த விளைவுக்கும் 56 மணி நேரம் உழைத்தவரின் மொத்த விளைவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 14 மணி நேரம் அப்படியே கரைந்து போயிருக்கிறது. வார ஓய்வு நாள் இல்லாமல் உழைத்தபோதும் விளைவு அடிபட்டது. இவ்வளவும் போருக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர்களின் கணக்கு என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உடம்பின் கணக்கையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக அறிவித்தன. நீண்ட வேலை நேரத்தால் 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தாலே உங்கள் வேலை 72 மணி நேரம் வருகிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடத் தயங்க வேண்டாம்.

கேள்வி: ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியுமுன் தோட்டத்துக்குப் போய் நண்பகலுக்குள் வேலையை முடித்துவிடுவேன். அரைநாள் வேலைக்கு முழுநாள் கூலியா என்று உறவினர்களே பேசுகிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?
– பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: உங்கள் வேலை நேரத்தை முதலாளியோ சட்டமோ வகுக்கவில்லை, மரம் வகுத்திருக்கிறது என்று சொல்லுங்கள். இரவில் மரம் நீரை உறிஞ்சி வைப்பதால் பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்களில் அழுத்தம் மிகுந்து நிற்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தளர்ந்துவிடும். 4 மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறவருக்குப் பால் பிடிக்கும் சிரட்டை நிறையும். அதே கத்தியோடு 11 மணிக்குப் போகிறவருக்கு அடியில்தான் கிடக்கும். தவிர, வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பேசுகிறவர்கள் பால் எடுப்பதையும், அமிலம் ஊற்றி உறைய வைப்பதையும், உறைந்ததை ஷீட்டாக அடித்து உலர்த்துவதையும், மரத்தில் ஒட்டி உலர்ந்த ஒட்டுப்பாலைச் சேர்ப்பதையும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாள்தோறும் வெட்டினால் இரட்டிப்புப் பால் கிடைக்கும் என்று பேராசைப்பட்டவர்களின் தோட்டம் என்ன ஆனது என்பதும் உங்களுக்குத் தெரியும். மரத்துக்கு ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் வராமல் நின்றுவிடும். அதனால்தான் ஒன்றுவிட்ட நாள், இரண்டு நாள் இடைவிட்டு என்று முறை வைத்தார்கள். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் பட்டையில் ஊக்கி மருந்து தடவி வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெட்டும் முறையையும் ரப்பர் வாரியம் பரிந்துரைக்கிறது. குறைந்த வெட்டில் நிறைந்த பால் என்பது அவர்களின் நோக்கம்.

உற்பத்தித்திறன் என்றால் என்ன என்பதை விளக்க உங்கள் தொழிலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. விதை போட்டு வளர்த்த பழைய நாட்டு மரங்கள் முந்நூற்றை வெட்டுகிற ஒருவரையும், கோட்டயத்தில் இருக்கும் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற இரகத்தின் ஒட்டு மரங்கள் முந்நூற்றை வெட்டுகிற ஒருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். கத்தி ஒன்று, நேரம் ஒன்று, வியர்வையும் ஒன்று. பாலின் அளவு மட்டும் மடங்குக் கணக்கில் வேறுபடும். அந்த வேறுபாடு ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் உங்கள் கையில் வைத்துவிட்டுப் போனது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2011-இல் ஒரு கிலோ ஷீட்டின் விலை 240 ரூபாய் வரைக்கும் போனது. 2016 தொடக்கத்தில் அது 100 ரூபாய்க்குக் கீழே விழுந்தது. ஐந்தே ஆண்டுகளில், பணக்கணக்கில் பார்த்தால், ஒரு வெட்டுக்காரரின் ஒரு மணி நேர விளைவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த ஐந்தாண்டில் குலசேகரத்திலும் அருமனையிலும் திற்பரப்பிலும் யாராவது சோம்பேறி ஆனார்களா? கத்தி பிடித்த கை தளர்ந்ததா? அந்த மதிப்பு குறைந்ததற்கு உலகச் சந்தை காரணம். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. விலை விழுந்த பழியை உழைத்தவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

கேள்வி: இங்கே கொத்தனாராக இருந்த நான் துபாயில் அதே வேலையைச் செய்து பல மடங்கு சம்பாதித்தேன். அங்கே போனதும் என் திறமை கூடிவிட்டதா?
– ஊர் திரும்பியவர், திங்கள்நகர்

பதில்: கரண்டி பிடித்த கை மாறவில்லை, அதைச் சுற்றி இருந்தவை மாறின. இங்கே கையாள் சட்டியில் சுமந்து வந்த கலவையை அங்கே இயந்திரம் கலந்து குழாய் வழியாக மாடிக்கு ஏற்றியது. சாரமும் அளவும் முன்கூட்டியே தயாராக இருந்தன. கல் வரவில்லை, மணல் வரவில்லை என்று உட்கார்ந்திருந்த நாட்கள் குறைவு. மூலதனம் மிகுந்த பொருளாதாரத்துக்குள் நுழையும்போது அதே ஒரு மணி நேரம் கூடுதல் மதிப்பைப் பெறுகிறது. ஊதியம் உயர்ந்ததற்குப் பின்னால் எண்ணெய் வருவாயும் இருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சித்திரை வெயிலில் நம் ஊர்க் கட்டடங்களில் அப்படியொரு விதியை நான் பார்க்கவில்லை. கடும் வெப்பத்தால் 2030-இல் இந்தியா தன் மொத்த வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை இழக்கக்கூடும், அது 3 கோடியே 40 இலட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. பாதிப்பு மிகுந்த துறைகளாக அது குறிப்பிட்டவை விவசாயமும் கட்டுமானமும்.

கேள்வி: வேலை நேரத்தைக் குறைத்தும் விளைவு குறையாமல் நடத்திக் காட்டிய நாடு ஏதேனும் உண்டா?
– அரசு ஊழியர், தக்கலை

பதில்: ஐஸ்லாந்து. 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 ஊழியர்களுக்கு வார வேலை நேரத்தை 40-இலிருந்து 35, 36 மணியாக, ஊதியத்தைக் குறைக்காமல், மாற்றிப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் பணி தேங்கவில்லை. ஆனால், இதை எல்லாத் தொழிலுக்கும் நீட்ட நான் தயங்குவேன். கூட்டங்களைச் சுருக்கி அலுவலகத்தில் நேரத்தை மிச்சப்படுத்தலாம். மருத்துவமனை வார்டில் மிச்சப்படுத்த முடியாது, அங்கே கூடுதல் செவிலியரை நியமித்தாக வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் அண்டி ஆபீஸ்கள் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைகள்) ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வியட்நாமோடு போட்டியிட முடியவில்லை என்கிறார்கள். அங்குள்ள பெண்கள் எங்களைவிட வேகமாக வேலை செய்கிறார்களா?
– வாசகி, கருங்கல்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் என் தாயாரின் விரல்கள்தான் கண் முன் வந்தன. அவர் பல ஆண்டுகள் ஓர் அண்டி ஆபீசில் தல்லு வேலை செய்தவர். வறுத்த அண்டியைக் கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். கிலோக் கணக்கில் கூலி. உடைந்தால் கூலியில் பிடித்தம். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் பொத்துப் போகாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொள்வார். இரவு உணவுக்கு உட்காரும்போது சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்ட நாட்கள் உண்டு. அவரைவிட வேகமாக எந்த நாட்டுப் பெண்ணும் தல்லியிருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

வியட்நாம் முன்னேறியது விரல் வேகத்தால் அன்று. அவர்கள் உடைப்பதற்கும் தோல் நீக்குவதற்கும் தரம் பிரிப்பதற்கும் உள்நாட்டிலேயே இயந்திரங்களைச் செய்தார்கள். ஐவரி கோஸ்ட் முதலான ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து நம்மைப் போலவே அவர்களும் பச்சை அண்டியை இறக்குமதி செய்கிறார்கள். ஆக, மூலப்பொருளுக்கு அவர்களும் வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். 2006-இல் இந்தியாவைத் தாண்டி முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் முதலிடத்துக்கு வந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். நம் பக்கத்தில், கொல்லத்திலும் குமரியிலும், கை வேலை மலிவாகக் கிடைத்தவரை இயந்திரத்துக்குப் பணம் போட யாரும் அவசரப்படவில்லை. மலிவான உழைப்பு நீண்ட நாள் கிடைத்ததே நம் பின்னடைவுக்குக் காரணம் என்பது என் கருத்து.

இயந்திரம் வந்திருந்தால் நூறு பேர் செய்த வேலையைச் சிலர் செய்து முடித்திருப்பார்கள், மீதிப் பெண்கள் எங்கே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இயந்திரம் வராமலேயே அந்தப் பெண்கள் இன்று வேலை இழந்து நிற்கிறார்கள். தொழில் நன்றாக நடந்த நாளிலேயே இயந்திரத்தைக் கொண்டுவந்து, அதன் ஆதாயத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் வேறு வேலைக்கும் ஒதுக்கியிருக்க முடியும். மூடிய கதவின் முன்னால் நிற்கும்போது பங்கு கேட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கேள்வி: ஆழ்கடல் தங்கல் படகில் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடப்போம். எங்களுக்கு வேலை நேரம் என்று ஒன்று உண்டா?
– மீனவர், தூத்தூர்

பதில்: கரையிலுள்ள எட்டு மணி நேரச் சட்டம் உங்கள் படகுக்குப் பொருந்தாது. மீன் படும்போது இரவு பகல் பாராமல் தூண்டில் இழுப்பீர்கள்; படாத நாளில் சும்மா இருப்பீர்கள். இதனால்தான் உலகத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் மீன்பிடித் தொழிலுக்கென வகுத்த 188-ஆம் உடன்படிக்கை வேலை நேரத்துக்கு உச்சவரம்பு சொல்லாமல் ஓய்வுக்குக் கீழ்வரம்பு சொல்கிறது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது, 7 நாளில் 77 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்பது அதன் விதி. ஆசியாவில் முதலாவதாகத் தாய்லாந்து 2019-இல் அதை ஏற்றது. பங்கு முறையில் உழைக்கும் உங்களுக்கு முதலாளி என்று ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டுவது கடினம் என்றாலும், ஓய்வுக் கணக்கைப் படகில் எழுதி வைக்கும் பழக்கத்தை உங்கள் சங்கங்களே தொடங்கலாம். தூங்காத கண்ணோடு சுக்கான் பிடிப்பதால் நேரும் விபத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடலுக்கும் ஓய்வு வைத்திருக்கிறோம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம், ஒவ்வொன்றும் 61 நாள். அந்த நாட்களை உழைப்பு இழப்பாக மட்டும் எண்ணுகிறவர்கள், இனப்பெருக்கக் காலத்தில் வலை வீசினால் அடுத்த ஆண்டுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் எண்ண வேண்டும். ஆனால் அந்த 61 நாளில் மீனவர் வீட்டு அடுப்பு எரிவதற்கு இன்றுள்ள நிவாரணத் தொகை போதாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: விடியும் முன் பூச்சந்தைக்குப் போகும் கணவருக்குக் காப்பி போடுவதில் தொடங்கி, இரவு பூக்கட்டி முடிப்பது வரை என் நாள் ஓடுகிறது. நான் "வேலைக்குப் போகாதவள்" என்று கணக்கெடுப்பில் எழுதிவிட்டுப் போனார்கள். இது எந்த ஊர் நியாயம்?
– இல்லத்தரசி, தோவாளை

பதில்: நியாயம் இல்லைதான். விற்பனைக்காக நீங்கள் கட்டும் பூ பொருளாதாரக் கணக்கில் வேலையே. அதை எழுதாமல் விட்டது பிழை. சமையல், துவைப்பு, பிள்ளை வளர்ப்பு ஆகியவை நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சேர்வதில்லை. அதே சமையலுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் சேரும். ஆகவே, நாடுகளின் மணிக் கணக்கை ஒப்பிடும் எல்லாப் பட்டியலிலும் உங்கள் நாளின் பெரும்பகுதி விடுபட்டுப் போகிறது.

அந்த விடுபட்ட நேரத்தை அளக்கவே தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்துகிறது. வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று 2019-இல் தெரிய வந்தது. 2024-இல் அது 289, 88 என்றானது. இருவருக்கும் சற்றுக் குறைந்திருக்கிறது, இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் முந்தின நாள் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஒரே அரை மணியில் இரண்டு வேலை செய்திருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லலாம். உங்கள் தெருவுக்கு வந்தால், பூக் கட்டிக்கொண்டே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டதையும் சொல்லி எழுத வையுங்கள்.